புள்ளி ரோஸ் என்று ஒரு ரகம் இல்லை, மாமா

மாமா,

இன்று காலை மல்லூர் தாண்டியதும் எங்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு டெம்போ போய்க்கொண்டிருந்தது. பின்னால் முழுக்க மரவள்ளிக் குச்சிக் கட்டுகள். வெட்டி நாளாகியிருக்க வேண்டும், நுனிக் கணுக்களில் தளிர் விட்டிருந்தது. பேருந்து அதை முந்தும்போது தளிர்கள் என் ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் ஆடின. ஒவ்வொரு தளிரும் கோணிக்கொண்டு, மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக. வெட்டின இடத்தில் பால் காய்ந்த வாடை உள்ளே வரைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் முக்காட்டு நுனியை மூக்கில் வைத்துக்கொண்டார்.

எனக்கு டெம்போக்காரர் மேல் கோபம் வரவில்லை. உங்கள் மேல் வந்தது. போய்ச் சேர்ந்தவர்களை ஏசக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நீங்கள் இருந்தபோது ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. போன பிறகும் கூடாது என்றால் நான் எப்போதுதான் ஏசுவது? அதனால் எழுதுகிறேன்.

புள்ளி ரோஸ் என்று ஒரு ரகம் இல்லை, மாமா. இருந்ததே இல்லை.

ராசிபுரத்துக்குத் தெற்கே உங்கள் காட்டில் நின்ற மரவள்ளிக்கு நீங்களாக வைத்த பெயர் அது. இலைக்காம்பு ரோஸ் நிறம், இலையில் மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளி ஒரு நோய் என்று நான் முதல்முறை சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. "மாட்டுல செவலை இருக்குது, மயிலை இருக்குது. நெறம் ஒண்ணொண்ணுக்கு ஒண்ணு. செவலையப் புடிச்சு உனக்குக் காய்ச்சல்னு சொல்லுவியா அம்முணி?"

நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை. பொய் என்றால் ஒருநாள் பிடிபடும். நீங்கள் மம்மட்டி பிடித்த நாளிலிருந்து அந்த ரகத்தில் புள்ளி இல்லாத செடியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நீங்கள் மட்டுமா, சுற்றுவட்டாரத்தில் யாருமே பார்த்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் பல் சொத்தை என்றால், சொத்தைதான் பல்லின் நிறம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். அப்படித்தான்.

இதில் உங்கள் கொடைகுணம் வேறு. நம் பக்கத்தில் கிழங்கைத்தான் விற்போம். லாரி வந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்கு ஏற்றிப் போகும், கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து அங்கே விலை வைப்பார்கள். நடுகிற குச்சியை உறவுக்குள் விற்கிற வழக்கம் கிடையாது. தயிருக்கு உறைமோர் கேட்பது மாதிரி. கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்க வேண்டும். இரண்டில் எதை மறுத்தாலும் பகை. மற்றவர்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள். நீங்கள் கேட்காமலே கொடுப்பீர்கள். ஓமலூரில் சம்பந்தி காடு வாங்கினாரா, முதல் கட்டு உங்களுடையது. ஆத்தூர்ப் பக்கம் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கல்யாணமா, சீர்த்தட்டுக்குப் பின்னால் வண்டியில் குச்சி வரும். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த உங்கள் சிநேகிதருக்கு மரவள்ளியே வேண்டாம். அவரையும் விடவில்லை, வரப்பிலாவது நடச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

அதுவும் எந்தக் குச்சி? நன்றாக விளைந்த காட்டை முதலில் பிடுங்கி மில்லுக்கு அனுப்பிவிடுவீர்கள். அந்தக் குச்சி வேப்பமரத்து நிழலில் கிடந்து காய்ந்துபோகும். கிழங்கு பிடிக்காத காட்டை, "இன்னுங் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று நிற்க விடுவீர்கள். நடவுக் காலம் வரும்போது பச்சையாகக் கையில் கிடைப்பது அந்த நோஞ்சான் குச்சிதான். அதையே நடுவீர்கள், அதையே ஊருக்கும் கொடுப்பீர்கள். நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், யோசிக்காமல், நல்ல மனதோடு. ஒரு வைரஸ் தானே உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு வசதியாகப் போட்டிருக்க முடியாது.

எனக்கு வாய் கிடையாது என்பது உங்களுடைய இன்னொரு முடிவு. கல்லூரியில் சேரப் போன அன்று அலுவலகத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துப் பெயர் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள். என்ன பாடம் வேண்டும் என்றார். அதையும் நீங்களே சொன்னீர்கள். பயோடெக்னாலஜி என்கிற சொல் உங்கள் வாயில் வேறு ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி வந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு, "படிக்கப்போறது நீங்களா, அதுங்களா?" என்று கேட்டார். அதற்கும் நீங்கள் அசரவில்லை. "எங்கூட்டுல காலேசு வாசப்படி மிதிக்கற மொதப் புள்ளைங்க இது. பயத்துல நாக்கு உள்ள போயிருச்சு. வந்தொடனே அதுவே பேசும்." எனக்கு அந்த மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

படிப்பு முடிந்து சேலத்தில் பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தபோதும் விடவில்லை. முதல் வாரமே ஒரு மூட்டைக் கிழங்கோடு வந்து நின்றீர்கள். எங்கள் மேடம் வெளியே வந்து என்னவென்று கேட்டார். "புள்ள பேசாதுங்க. அதுக்குப் பதிலா நாஞ் சொல்லிர்றனுங்க. கெழங்கு எங்க காட்டுது. நல்லா மாவாட்டமா வேகும்." மேடம் அன்றைக்குச் சிரித்தார். அப்புறம் பல நாள் சிரிக்கவில்லை. அதற்கும் நீங்கள்தான் காரணம்.

சேலம், நாமக்கல் காடுகளில் மரவள்ளியைத் தேமலாக்குவது எந்த வைரஸ் என்று உறுதி செய்வதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. இலையை அரைத்து அதன் டிஎன்ஏவைப் பிரிப்போம். வைரஸ் அதில் இருந்தால் அதன் ஒரு துண்டை மட்டும் கருவி பல மடங்காகப் பெருக்கிக் கொடுக்கும். அதை ஒரு ஜெல்லில் ஓடவிட்டு புற ஊதா விளக்கில் வைத்தால் மெல்லிய கோடாக ஒளிரும். கோடு வந்தால் வைரஸ் உண்டு, வராவிட்டால் இல்லை. ஒவ்வொரு முறையும் நோயில்லாத இலை ஒன்றையும் கூடவே சோதிக்க வேண்டும். அதில் கோடு வரவே கூடாது. வந்தால் நம் கையோ கருவியோ சுத்தமில்லை, அன்றைய வேலை மொத்தமும் குப்பை.

நோயில்லாத செடி வேண்டும் என்று உங்களைத்தான் கேட்டேன். வேறு யாரைக் கேட்க எனக்கு வாய் வரும்? சித்திரை வெயிலில் நீங்களே பைக்கில் கொண்டுவந்து கொடுத்தீர்கள். இலை பச்சைப் பசேலென்று இருந்தது. "பாரு, புள்ளியில்லாததே பொறுக்கியாந்தேன். எனக்கென்னமோ ரகம் மாறுன செடின்னுதான் படுது. உனக்காவட்டும்னு புடுங்கிட்டேன்."

அதில் கோடு வந்தது, மாமா. மறுபடி செய்தேன், மறுபடி வந்தது. நீரை மாற்றினேன், குழாய்களை மாற்றினேன், கையுறை மேல் கையுறை போட்டேன். வந்துகொண்டே இருந்தது. மேடம் ஊதா விளக்கின் முன்னால் நின்று, "உன் நோயில்லாத செடி என் பொண்ணு கல்யாண சீரியல் செட்டு மாதிரி எரியுதேம்மா" என்றார். கை சுத்தமில்லை என்று மற்றவர்கள் முன்னால் சொன்னார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். கழிப்பறையில் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், என்னவோ வைரஸ் என் தோலிலிருந்து வருகிற மாதிரி.

காரணம் எளிது. கடும் வெயிலில் அந்த நோய் இலையில் தெரியாது. செடி குணமானது போல நடிக்கும், மழை பெய்து காற்று குளிர்ந்ததும் புள்ளி திரும்ப வரும். நீங்கள் பொறுக்கிக் கொடுத்த ஒவ்வொரு சுத்தமான செடியும் நோயாளிதான். அந்த ரகத்தில் நோயில்லாத செடி உங்கள் காட்டில் கிடையாது, பக்கத்துக் காட்டில் கிடையாது, உங்கள் குச்சி போன எந்த ஊரிலும் கிடையாது.

மேடத்துக்கும் ஒருநாள் அது உறைத்தது. வேறு மாநிலத்து ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கேட்டு, அதே ரகத்தின் நுனித் திசுவிலிருந்து கண்ணாடிக் குப்பியில் வளர்த்த சுத்தமான கன்றுகளை வரவழைத்தார். அதன் இலையைச் சோதித்தேன். கோடு இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லாத ஒன்றைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மேடம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "உன் கை சுத்தம்தான்" என்றார். அப்புறம் நோய் இலைகளில் கிடைத்த டிஎன்ஏவை வெளியே அனுப்பி எழுத்து வரிசையாகப் படித்து வாங்கினோம். இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று வந்தது.

ஆசையாக உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"இலங்கையா? அது எப்படி அம்முணி நம்ம காட்டுக்கு வந்துச்சு? தோணி ஏறியா?"

"பேரு மட்டுந்தான் மாமா. அங்க மொதல்ல கண்டுபுடிச்சதால அந்தப் பேரு."

"அப்பக் கண்டுபுடிச்சவன் ராசிபுரத்துல கண்டுபுடிச்சிருந்தா ராசிபுரத்து வைரஸா? நல்லவேளை, மானம் தப்புச்சு."

அத்தை பக்கத்திலிருந்து என்னவாம் என்று கேட்பது கேட்டது. "புள்ளைக்கு வேலை நல்லாப் போகுதாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். என் இத்தனை மாத உழைப்பு அந்த ஒரு வரியில் முடிந்தது.

அந்த வருஷம்தான் அப்பா காட்டில் தண்ணீர் விழுந்தது. போர்வெல் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் நிலத்தில் துளை போட்டே வயது போன மனுஷன். எங்கள் சொந்தக் காட்டில் மூன்றாவது போர் கைகொடுத்தபோது அந்தத் தண்ணீரில் நனைந்துகொண்டு நின்றார். முதல் பயிர் மரவள்ளி என்று முடிவானது. நீங்கள் அங்கேயே, ஈரத்தில் நின்றுகொண்டே சொன்னீர்கள்: "குச்சி நானாச்சு மாப்ள. தையில தாட்டி உடறேன். புள்ளி ரோஸு, கட்டுக் கட்டா."

அப்பா தலையாட்டினார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைத்த தண்ணீர், மாமா. அதில் போய் நோயை நடுவதா? நோய்க் குச்சி நட்டால் கிழங்கு பாதியாகிவிடும் என்று படித்தவள் நான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவளும் நான்தான், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் தாய்மாமன் கொடுக்கிற குச்சியை வேண்டாம் என்பது எப்படி?

வாயால் முடியாது, கண்ணால் காட்டலாம் என்று நினைத்தேன். ஆவணியில் சுத்தமான கன்று ஒன்றைத் தொட்டியோடு மடியில் வைத்து, பேருந்தில் இரண்டு பேர் திட்டத் திட்ட, உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இலை ஒவ்வொன்றும் விரித்த கை மாதிரி அகலம். ஒரு புள்ளி இல்லை, ஒரு கோணல் இல்லை. இதுதான் மாமா உங்கள் ரகம், இதன் உண்மையான முகம் இதுதான் என்றேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

நீங்கள் தொட்டியைச் சுற்றி வந்தீர்கள். காம்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். இலையைத் திருப்பிப் பார்த்தீர்கள். முகத்தில் அவ்வளவு பரிதாபம்.

"ஆரோ உன்னய ஏமாத்திப் போட்டாங்க சாமி."

"இல்லீங்க மாமா, சோதனை பண்ணி..."

"காம்பு ரோஸாத்தான் இருக்குது. ஆனாப் புள்ளி எங்க? புள்ளியில்லாம என்ன புள்ளி ரோஸு? இது ரப்பர் மரத்துக் கன்னாட்ட இருக்குது." பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவரும் உதட்டைப் பிதுக்கினார். "போச்சாது போ. உன்ற சம்பளத்துல புடிச்சுக்க மாட்டாங்கல்ல?" என்று எனக்கு ஆறுதல் வேறு.

அந்தக் கன்றை வாய்க்கால் ஓரத்தில், உங்கள் செடிகளுக்கு நடுவிலேயே நட்டீர்கள். வேண்டாம், வெள்ளை ஈ பக்கத்துச் செடியிலிருந்து நோயைக் கொண்டுவந்துவிடும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் கறி விருந்துக்கு எல்லோரும் உங்கள் வீட்டில் கூடியிருந்தோம். நான் நுழைந்ததும் என் கையைப் பிடித்து வாய்க்கால் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். பின்னாலேயே உறவு மொத்தமும் இலையை விட்டெழுந்து, கை கழுவாமல் வந்தது. என் கன்று இடுப்புயரம் வளர்ந்திருந்தது. அடி இலைகள் அகலமாக, பச்சையாக இருந்தன. மேலே புதிதாக வந்த இலைகள் சுருங்கி, கோணி, மஞ்சள் திட்டோடு நின்றன.

"பாத்தியா!" என்றீர்கள். "நாந்தான் சொன்னனே. எங்கியோ குப்பியில வளந்த புள்ள, வந்தப்ப ஒண்ணுந் தெரியாம நின்னுச்சு. நம்ம காட்டுத் தண்ணிய நாலு வாய் குடிச்சுது, இப்பப் பாரு, நம்ம சாதியாயிருச்சு. ரகம் வந்திருச்சு அம்முணி! நீ கொண்டாந்தது நெசமாலுமே புள்ளி ரோஸுதான். நாந்தான் தப்பாப் பேசிட்டேன்."

என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டீர்கள். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம்! ஒரே செடி, அடியில் ஆரோக்கியம், நுனியில் நோய். வெள்ளை ஈ எப்படிப் பரப்புகிறது என்று பாடம் நடத்த இதைவிட நல்ல செடியை எந்த ஆய்வுக்கூடமும் வளர்க்க முடியாது. அதை வைத்தே நீங்கள் நான் சொன்னது அத்தனையையும் தலைகீழாக நிரூபித்துவிட்டீர்கள். எனக்குள் என்னவோ அறுந்தது.

"அது சீக்கு மாமா! ரகமில்ல, சீக்கு! உங்க காடு முச்சூடும் சீக்கு! எங்கப்பன் காட்டுக்கு உங்க குச்சி வேண்டாம், ஒரு குச்சிகூட வேண்டாம்!"

அம்மா வாயில் கையை வைத்தாள். அப்பா செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தீர்கள். கோபம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"அம்முணி பேசிருச்சு!" என்றீர்கள். "ஏ, கேட்டீங்களா? எங்க புள்ள சத்தமாப் பேசிருச்சுடா!"

அன்றைக்கு முழுக்க வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் அதையே சொன்னீர்கள். நான் பேசியதைச் சொன்னீர்கள், என்ன பேசினேன் என்பதைச் சொல்லவே இல்லை. யாராவது கேட்டாலும், "அது கெடக்குது, என்னமோ சொல்லுச்சு. ஆனா என்ன கொரலு தெரியுமா, மைக்கே வேண்டாம்" என்றீர்கள். என் இலையில் கறியை இன்னொரு கரண்டி போட்டீர்கள். என் வாழ்க்கையில் இதைவிட எரிச்சலான ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

மார்கழி கடைசியில் அப்பாவுக்கென்று குச்சி வெட்டி, கட்டுக் கட்டி, வேப்பமரத்தடியில் ஈரமணலில் நிறுத்தி வைத்திருப்பதாக அம்மாவிடம் போனில் சொன்னீர்களாம். தை பிறந்து நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ராசிபுரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. நான் வந்தபோது உங்களைக் கிடத்தியிருந்தார்கள். வாய் மூடியிருந்தது. அது உங்கள் முகம் மாதிரியே இல்லை.

உங்கள் காரியத்தன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சடங்கெல்லாம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் கட்டுகள் அப்படியே நின்றன, தளிர்விட்டு. ஓமலூர் சம்பந்திதான் தொடங்கினார். "மச்சான் கையால கடைசியா வெட்டுன குச்சி. ஆளுக்கொரு கட்டு கொண்டுபோய் நட்டம்னா, அவரு நம்ம காட்டுல நிக்கறாப்பல." பெண்கள் அழுதார்கள். ஆண்கள் தலையாட்டினார்கள். பெரிய கட்டு அப்பாவுக்கு, மற்றது பங்கு என்று பேச்சானது. அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்ல முடியாது, அவர் உங்கள் வீட்டு மாப்பிள்ளை. சிலர் கட்டைத் தூக்கி பைக்கில் வைக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் ஞாபகம் என்ற பெயரில் அந்த வைரஸ் நான்கு திசைக்கும் கிளம்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் எழுந்து கத்த என்னால் முடியவில்லை. ஒருமுறை கத்தியதோடு சரி. நான் உள்ளே போனேன். அத்தை இருட்டு அறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெல், கோடு என்றெல்லாம் இல்லை. குச்சிக்குள் சீக்கு இருக்கிறது, குச்சியோடு போகும், நட்ட இடத்தில் கிழங்கைத் தின்னும், பக்கத்துக் காட்டுக்கும் ஈ கொண்டுபோகும் என்று மட்டும்.

அத்தை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்ப உங்க மாமன் இத்தன வருசமா ஊருக்கெல்லாம் சீக்கத்தான் குடுத்தாரா சாமி?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்று அன்றைக்கு அந்த அறையில் எப்படிச் சொல்வது?

"ஆமாங்கத்தெ," என்றேன். "அவருக்கும் ஆரோ குடுத்ததுதானுங்க."

அத்தை சுவரைப் பிடித்து எழுந்தார். அன்றைக்கு வெளியே வரக்கூடாதவர், வாசல்வரை வந்து நின்றார்.

"குச்சியக் கீழ வைங்க."

எல்லோரும் திரும்பினார்கள். "அவரு குடுத்தாரு, சரி. இப்பக் காடு என்னுது. நாங் குடுக்கல."

"ஏனுங்கக்கா, குச்சிதானே..." என்றார் ஒருவர்.

"எதா இருந்தா என்ன? எனக்கு ஆவும். அடுப்புக்கு ஆவும்."

அப்படிச் சொல்லிவிட்டு, சமையல்காரரைக் கூப்பிட்டு, கட்டுகளை வெந்நீர் அண்டாவுக்கு அடியில் வைக்கச் சொன்னார். பச்சைக் குச்சி, எரியாமல் புகைந்தது. பந்தியில் இருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்றித்தான் கடைசியில் பற்றவைக்க முடிந்தது. போகும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "மனுசன் வாரிக் குடுத்தே பேரெடுத்தாரு. இவ அவரு போன ஈரங் காயறதுக்குள்ள கைய மூடிட்டா பாரு." அத்தைக்கும் கேட்டிருக்கும். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார். உங்கள் பெயர் கெடக்கூடாது என்று தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார், மாமா. நீங்கள் கொடுத்ததெல்லாம் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வராது.

அப்பா காட்டில் மேடத்திடம் கேட்டு வாங்கிய சுத்தமான கன்றுகளைத்தான் நட்டோம். அதிலும் புள்ளி எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. வாரா வாரம் ஊருக்குப் போய், பார்த்துப் பார்த்துப் பிடுங்குகிறேன். அப்பா ஒவ்வொரு செடிக்கும் முகம் சுளிக்கிறார், ஆனால் தடுப்பதில்லை.

அது போதாதென்று இன்னொரு வேலையும் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தை கஞ்சம் என்கிற பேச்சு நிற்காது. திறந்தால் உங்கள் பெயர் போகும். யோசித்துப் பார்த்தேன். அத்தை உயிரோடு இருக்கிறார். அதனால் விடுமுறை நாட்களில் உங்கள் குச்சி போன வீடுகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறேன். ஓமலூர் போய்விட்டேன், ஆத்தூர் போய்விட்டேன். வெயிலில் பேருந்து மாறி மாறிப் போய், தெரியாத வீட்டு வாசலில் நிற்கிறேன். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். உட்கார வைத்து மோர் கொடுத்து, உங்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்து, அத்தை அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் சொல்ல வேண்டும். சொல்கிறேன். அவர்கள் முகம் மாறுகிற அந்த இடத்தில், "மாமாவுக்கும் ஆரோ குடுத்ததுதானுங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குரல் இப்போதெல்லாம் நடுங்குவதில்லை.

போன வாரம் பரமத்தி வேலூரில் உங்கள் சிநேகிதர் வரப்பில் நின்ற நாலு செடியையும் என் கண்ணெதிரே பிடுங்கிப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "அப்ப இனிமேப்பட்டுக் குச்சிக்கு ஆருகிட்டக் கேக்கறது அம்முணி?"

"எங்ககிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டேன்.

அவரிடம் மட்டுமல்ல, போன வீட்டிலெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன் போலிருக்கிறது. அப்பா காட்டில் அவ்வளவு குச்சி தேறாது. விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உன்ற பொறந்தவன் போயும் தொலையல" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் ஊருக்குப் போகவே பயமாக இருக்கிறது. எல்லாம் உங்களால்தான், மாமா.